சுவரொட்டியும் ஒரு சாட்சி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

குறளும் கம்பனும் பேசப்பெறும் இம்மேடையில் சினிமா விளம்பரத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். அவ்வாறு நினைப்பவர்களை நான் குறை கூற மாட்டேன். ஆயினும் நம் காலனிக் குடும்பங்களில் இரண்டு தலைமுறை மக்கள் பள்ளிப் புத்தகத்தைக் காட்டிலும் மிகுதியாகக் கண்ணூன்றிப் பார்த்த தாள் எது என்று கேட்டால், அது சுவரில் ஒட்டிய சினிமாத் தாளே அன்றி வேறில்லை. அத்தகைய ஒன்றைப் பற்றி ஆண்டுக்கொரு முறை ஒரு மணி நேரம் பேசுவது தமிழுக்கு இழுக்காகாது என்று துணிந்தே வந்திருக்கிறேன். அதிலும் இன்று நான் எடுத்துக்கொண்டது துப்பறியும் படங்களின் விளம்பரம்.

பேத்தமங்களாவுக்கும் தங்கவயலுக்கும் உள்ள உறவு தண்ணீர் உறவு. பாலாற்றைத் தேக்கிய நம் ஏரியிலிருந்து சுரங்கத்து மக்களுக்குக் குடிநீர் சென்றது. அங்கிருந்து நமக்குத் தமிழ் வந்தது. நாடகமும் சங்கமும் சினிமாவும் வந்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் குழிவேலைக்கு வந்து குடியேறியவர்களுள் பலருக்கு எழுத்து வாசனை இல்லை. பக்கத்து வீட்டாருக்கோ கன்னடமும் தெலுங்கும். இப்படிப்பட்ட ஊரில் மூன்று மொழியினரும் ஒருங்கே நின்று, ஒருவரும் மற்றவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லாமலேயே பொருள் கொண்ட தாள் ஒன்று உண்டென்றால் அது சுவரொட்டிதான். படத்தின் பெயரைப் படிக்க முடியாதவரும் கதாநாயகனின் மூக்கைப் பார்த்துப் படத்தைச் சொல்லிவிடுவர்.

இனி, எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். 1954 ஏப்ரல் 13-இல் ஏ.வி.எம். நிறுவனத்தார் ‘அந்த நாள்’ என்னும் படத்தை வெளியிட்டனர். இயக்கியவர் பிற்காலத்தில் வீணையால் உலகெங்கும் புகழ் பெற்ற எஸ். பாலசந்தர். திரைக்கதையிலும் உரையாடலிலும் பெரும் பங்கு கொண்டு, துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தவர் ஜாவர் சீதாராமன். ஒளிப்பதிவு மாருதி ராவ். ராஜன் என்னும் வானொலிப் பொறியாளனாகச் சிவாஜி கணேசனும், அவன் மனைவி உஷாவாகப் பண்டரிபாயும் நடித்தனர். 1943 அக்டோபரில் சென்னையின்மீது ஜப்பானியர் குண்டு வீசிய செய்தியைப் பின்னணியாகக் கொண்டது கதை. படம் தொடங்கியவுடனேயே துப்பாக்கி வெடிக்கிறது, ராஜன் வீழ்கிறான். அதன்பின் அண்டை வீட்டுச் சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, அம்புஜம் என்னும் பெண், மனைவி உஷா ஆகிய ஒவ்வொருவரும் தாம் அறிந்த ராஜனைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார்கள். ஒவ்வொருவர் வாக்கிலும் ஒரு ராஜன் தோன்றுகிறான். ஒவ்வொருவர் சந்தேகமும் வேறொருவர் மேல் விழுகிறது. கொன்றவர் யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. எழுபது ஆண்டுகள் கடந்த படமாயினும், இன்னும் பார்க்காத பிள்ளைகள் இவ்வரங்கில் இருக்கிறார்கள்.

ஜப்பானியர் அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ 1951-இல் வெனிஸ் நகரப் படவிழாவில் தங்கச் சிங்கப் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டில் நம் நாட்டில் நடந்த முதல் சர்வதேசப் படவிழாவில் காட்டப்பட்டது. ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு சொல்லும் அவ்வமைப்புப் பாலசந்தரைப் பிடித்துக்கொண்டது என்பர். அவர் முதலில் அதை வானொலி நாடகமாக எழுதி அனுப்ப, அது ஏற்கப்படாமல் திரும்பியது. திரும்பி வந்ததே நமக்கு நல்லதாயிற்று.

இப்படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. தமிழ்ப் பேசும்படம் தோன்றி இருபத்து மூன்றாம் ஆண்டில் இப்படி ஒரு துணிவு! இதைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் இதனால் விளம்பரக்காரருக்கு நேர்ந்த இடையூற்றை எண்ணிப் பார்த்தவர் சிலரே. அக்காலத்தில் ஒரு படத்துக்கு விளம்பரம் எவ்வாறு நடந்தது? முதலில் பாட்டு. 1952 முதல் சில ஆண்டுகள் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கி வைத்திருந்தது. ஆனால் இலங்கை வானொலி அவற்றை வீடுதோறும் கொண்டுவந்து சேர்த்தது. அடுத்தது கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகம். அதன் முதற்பக்கங்களில் கதைச் சுருக்கம் அச்சாகியிருக்கும். சுவையான கட்டத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். பாட்டே இல்லாத படத்துக்கு வானொலி எதைப் பாடும்? பாட்டுப் புத்தகம் எதற்கு? ஆக, மற்றப் படங்களுக்கு நான்கு கால்கள் இருந்தனவென்றால் ‘அந்த நாள்’ படத்துக்கு இரண்டே கால்கள்: ஒன்று சுவரொட்டி, மற்றொன்று ஸ்டில் என்று வழங்கும் நிழற்படம். இவ்விரண்டும் சுமக்கத்தக்க அளவுக்கு மேலான சுமை அது. படம் அறிஞர்களின் பாராட்டைப் பெற்றும், முதல் வெளியீட்டில் பொதுமக்களின் ஆதரவைப் பெறவில்லை. பாட்டை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தனர். பின்னர் அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. மீண்டும் வெளிவந்தபோது நிலைமை ஓரளவு சீர்பட்டது. அதே ஆண்டில் வெள்ளிப் பதக்கம் பெற்ற தமிழ்ப் படம் ‘மலைக்கள்ளன்’ என்பதையும், அதில் மர்மமும் இருந்தது, பாட்டும் இருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டில் என்பது யாது? ஓடும் படச்சுருளிலிருந்து ஒரு சட்டத்தை வெட்டி எடுத்துப் பெரிதாக்கியது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அஃது அவ்வாறன்று. படப்பிடிப்புக் காமிராவுக்குப் பக்கத்தில் தனிக் காமிராவுடன் ஒருவர் நிற்பார். காட்சி எடுத்து முடிந்ததும், விளக்குகள் அணையுமுன், “ஒரு ஸ்டில்” என்று குரல் கொடுப்பார். நடிகர்கள் சற்று முன் நடித்ததை அசையாமல் மீண்டும் நின்று காட்டுவார்கள். ஆகவே ஸ்டிலில் நாம் காண்பது படத்தில் உள்ள கணம் அன்று. அந்தக் கணத்தைப் போன்ற இன்னொரு கணம். அதனால்தான் ஸ்டில்லில் கைகள் சற்று அதிகமாக உயர்ந்திருக்கும், கண்கள் சற்று அதிகமாக விரிந்திருக்கும். சில வேளைகளில் படத்தொகுப்பின்போது நீக்கப்பட்ட காட்சியின் ஸ்டில் மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போனவர், “அந்தக் காட்சி எங்கே?” என்று படம் காட்டுபவரிடம் சண்டைக்குப் போவதும் உண்டு. பாவம், அவர் என்ன செய்வார்!

சாதாரணப் படத்தில் இதனால் கேடொன்றுமில்லை. துப்பறியும் படத்திலோ, அதிலும் ‘அந்த நாள்’ போன்ற படத்தில், நிலைமை வேறு. ராஜன் சீறி நிற்கும் நிழற்படம் ஒன்றைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அவன் உண்மையிலேயே சீறினானா? அல்லது அவன் சீறியதாக ஒருவர் சொன்ன காட்சியா அது? படம் ஓடும்போது யார் வாக்குமூலத்தில் இருக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். ஸ்டிலில் அது தெரியாது. வாக்குமூலம் கொடுத்தவர் மறைந்து, வாக்குமூலம் மட்டும் உண்மையைப் போல நிற்கிறது. கொட்டகை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் குண்டூசி குத்தி வரிசையாக வைத்த அந்தப் படங்களைப் பார்த்து, டிக்கெட் வாங்கு முன்பே கொலையாளி யார் என்று முடிவு கட்டிவிடுவோர் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் ஏமாந்தனர் என்றால் அது கதாசிரியரின் திறமை மட்டும் அன்று. ஸ்டில்லும் ஒரு பொய்ச்சாட்சி சொல்லி உதவியிருக்கிறது.

சுவரொட்டியின் பொய் இன்னும் பெரியது; இன்னும் இனியது என்றும் சொல்லுவேன். ‘அந்த நாள்’ கறுப்பு வெள்ளைப் படம். அக்காலத்துத் தமிழ்ப் படங்களுள் பெரும்பாலானவை அப்படித்தான். ஆனால் சுவரொட்டி வண்ணத்தில் வந்தது. அந்த வண்ணம் எங்கிருந்து வந்தது? ஸ்டில்லைப் பார்த்து ஓவியர் படம் வரைவார். லித்தோ அச்சகத்தில் மஞ்சளுக்கு ஒரு தட்டு, சிவப்புக்கு ஒரு தட்டு, நீலத்துக்கு ஒரு தட்டு, கறுப்புக்கு ஒரு தட்டு என்று கையாலேயே பிரித்துத் தீட்டுவார்கள். ஒரே தாள் நான்கு முறை இயந்திரத்தில் புகுந்து வெளிவரும். ஒரு முறை தாள் மயிரிழை நகர்ந்தாலும் கதாநாயகியின் உதட்டுச் சாயம் கன்னத்தில் ஏறிவிடும். சேலை சிவப்பா பச்சையா என்பது காமிராவுக்கே தெரியாது. ஓவியர் நினைத்ததே நிறம். துப்பறியும் படமென்றால் முகத்தின் பாதியில் நீலமோ பச்சையோ பூசுவது வழக்கமாயிற்று. மனிதர் முகம் பச்சையாக இருந்தால் உள்ளே ஏதோ மர்மம் இருக்கிறது என்பது நம் ஊர்ச் சிறுவர்க்கும் தெரியும்.

துப்பறியும் கதை தமிழுக்குச் சினிமாவால் வந்ததன்று. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதற்குத் தமிழ்நாட்டில் வாசகரைத் திரட்டிவிட்டனர். வடுவூராரின் ‘திகம்பர சாமியார்’ 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாயிற்று. அதில் எம். என். நம்பியார் துப்பறிபவராக வந்து பற்பல மாறுவேடங்கள் புனைந்தார். விளம்பரக்காரருக்கு இது பெரும் வாய்ப்பு: ஒரே நடிகரின் பல முகங்களைக் காட்டலாம், ஒன்றும் வெளிப்பட்டுவிடாது. 1964-இல் வந்த ‘புதிய பறவை’ வேறு வகை. வண்ணம், கப்பல், மலைவாழிடம், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, சிவாஜி, சரோஜாதேவி, சௌகார் ஜானகி. காதல் படம் என்று விளம்பரம் செய்தாலும் பொய்யாகாது. பாட்டுகளே மர்மத்துக்குத் திரையாக நின்றன. 1967-இல் ‘அதே கண்கள்’ வந்தபோது மர்மம் ஒரு தனிச் சரக்காகவே விலை போயிற்று. பாலசந்தரும் ஓயவில்லை, 1964-இல் ‘பொம்மை’, 1970-இல் ‘நடு இரவில்’ என்று தொடர்ந்தார். இவற்றுள் விளம்பரத்துக்கு மிகக் கடினமானது எது என்று என்னைக் கேட்டால் ‘அந்த நாள்’ என்றே சொல்லுவேன். மற்றவற்றில் மறைப்பதற்குத் துணி இருந்தது. இதில் இல்லை.

மர்மத்தைக் காப்பது விளம்பரத்தின் கடமை என்பதை மேனாட்டார் நன்கு உணர்ந்திருந்தனர். 1960-இல் ஹிட்ச்காக் தம் ‘சைக்கோ’ படத்துக்கு, காட்சி தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடக்கூடாது என்று கொட்டகைக்காரருக்குக் கட்டளையிட்டார். அதையே சுவரொட்டியிலும் அச்சிட்டார். தம் உருவத்தையே அட்டையில் வெட்டி வாசலில் நிறுத்தினார். நம் ஊரிலோ இடைவேளைக்கு வெளியே வந்தவர், அடுத்த ஆட்டத்துக்கு வரிசையில் நிற்பவரிடம் கதையை முழுதும் சொல்லிவிட்டுத்தான் தேநீர் குடிப்பார். ஹிட்ச்காக் நம் பக்கத்துக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

நகைச்சுவை நிற்க. நான் இவ்வளவும் சொல்ல வந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. அதன் படச்சுருள் இன்று இல்லை. அதற்கு முந்திய தமிழ்நாட்டு மௌனப் படங்களுள் ஏறத்தாழ எல்லாம் போயின. பழைய நைட்ரேட் சுருள்கள் தாமே தீப்பற்றின, மக்கிப் பொடியாயின, எஞ்சியவற்றுள் பலவற்றை, அவற்றில் உள்ள வெள்ளிக்காகக் கழுவி எடுத்தனர். நாம் பாறையை இடித்துப் பொன்னை எடுத்துக்கொண்டோம். சயனைடு மேட்டை விட்டுவிட்டோம். அவர்களோ சிறிது வெள்ளியை எடுத்துக்கொண்டு பொன்னை எறிந்துவிட்டார்கள். இவ்வாறு மறைந்த படங்களுக்கு இன்று நமக்குக் கிடைக்கும் சாட்சி, நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் பத்திரிகை விளம்பரமும் ஸ்டில்லுமே. பொய்ச்சாட்சி என்று சற்று முன் சொன்னேனே, அதைத் தவிர வேறு சாட்சி இல்லாத வழக்குகள் அவை.

இதை உணர்ந்து சேர்த்தவர்கள் சிலர். பிலிம் நியூஸ் ஆனந்தன் அவர்கள் 1958-இல் ‘நாடோடி மன்னன்’ படத்தின் நிழற்படங்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டு கொடுக்கும் பணியில் தொடங்கி, 2016-இல் மறையும் வரை, படங்களையும் செய்திகளையும் திரட்டியே வாழ்ந்தார். அவர் திரட்டை மாநில அரசு பெற்றுக்கொண்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களையும் தாள்களையும் அடிப்படையாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. புனேயில் 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியது. ஆனால் இவர்கள் எல்லாரும் சென்னையையும் பம்பாயையும் பார்த்துச் சேர்த்தவர்கள். மைசூர் ராஜ்யத்துத் தமிழருக்காக அச்சான நோட்டீசை யார் சேர்த்தார்கள்? அது நம் தகரப் பெட்டிகளில்தான் இருக்க வேண்டும். 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், லைன் வீடுகளிலிருந்து எத்தனை குடும்பங்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் பெயர்ந்தன! வீடு மாறும்போது பாத்திரம் வண்டியேறும். தாள் பழைய பேப்பர்க்காரருக்குப் போகும்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் ஆண்டு அச்சிடாத சினிமாத் தாள் ஒன்று கிடைத்தால் அதன் காலத்தை எப்படி அறிவது? இங்கேதான் நாமே துப்பறிபவர் ஆகலாம். நோட்டீசில் டிக்கெட் விலை அணாவில் இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தியது எனலாம். நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. வெறும் பைசா என்றால் அதற்குப் பின். சென்னை ராஜ்யம் என்ற சொல் 1969 ஜனவரிக்கு முந்தியதைக் காட்டும். மைசூர் ராஜ்யம் என்பது 1973 நவம்பருக்கு முந்தியதை. சுவரொட்டியின் அடி ஓரத்தில் எறும்பளவு எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். அந்த முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் காணப்பட்டால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. எழுத்தையும் பாருங்கள். ‘மலைக்கள்ளன்’ என்பதில் உள்ள லை, யானைத் துதிக்கை போல மேலே வளைந்திருந்தால் பழைய முறை. இப்போது நம் பிள்ளைகள் எழுதுவது போல இருந்தால், 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் ஆணையான பின்னர் மறுவெளியீட்டுக்கு அச்சிட்டதாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்லுகிறேன். பெரியாரின் ஏடுகள் புதிய முறையை 1935 முதலே கையாண்டன. பழைய கைப்பழக்கத்தை விடாத ஓவியர்களும் பின்னாளில் இருந்தனர். ஒரு தடயத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. இரண்டு மூன்று ஒத்து வர வேண்டும்.

போலியும் உண்டு. பழைய சுவரொட்டிகளுக்கு இப்போது விலை ஏறியிருப்பதால், புதிதாக அச்சிட்டுத் தேநீரில் நனைத்துப் பழுப்பேற்றியவை விற்பனைக்கு வருகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கைத்தொழில் லித்தோவில் வண்ணம் சுண்ணக்கட்டியால் தேய்த்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும். ஒழுங்கான புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தால், முழுதும் ஓவியமாகத் தீட்டிய பழைய தாளென்று சொல்லப்படுவதை நம்பத் தயங்குங்கள்.

காப்பதற்குச் செலவு அதிகம் இல்லை. ஸ்டில்லை ஓரத்தில் பிடியுங்கள். முகத்தின்மேல் விரல் பட்டால் அந்தக் கறை பின்னர் போகாது. பிளாஸ்டிக் உறை ஒட்டும் கடையில் கொடுத்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க வழியில்லை. கிழிசலுக்குச் செல்லோடேப் வேண்டா. பத்தாண்டில் பசை பழுத்துத் தாளைத் தின்னும். துருப்பிடித்த குண்டூசியை எடுத்துவிடுங்கள். செய்தித்தாளில் சுற்றாமல், துவைத்து உலர்த்திய பழைய வேட்டித் துணியில் சுற்றிச் சமையலறைக்கு எட்டத்தில் வையுங்கள். மடித்தே கிடந்து முறுகிப்போன சுவரொட்டியை வலிந்து விரிக்காதீர்கள். மடித்தபடியே கொண்டு வாருங்கள்.

சங்க நூலகத்தில் இதற்கென ஓர் அலமாரியை ஒழித்துத் தர ஆட்சிக் குழுவினர் இசைந்துள்ளனர். கொடுக்க மனமில்லாதவர்கள் காட்டினால் போதும்; படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். எந்த வீட்டில், யார் வைத்திருந்தது, எந்தக் கொட்டகையில் பார்த்தது என்பதைத் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள். அதன் முதுகில் மையால் எழுத வேண்டா. பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதலாம். ‘அந்த நாள்’ படத்துக்கு நம் பக்கத்தில் அச்சிட்ட நோட்டீஸ் ஒன்று எவரிடமேனும் இருக்குமாயின், பாதி கிழிந்ததாயினும், முதலில் அதைக் கொண்டு வாருங்கள். பாட்டில்லாத படத்தைப் பாட்டுக்குப் பழகிய நம் மக்களிடம் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.